மீன்தொட்டி நத்தைகளும் நீரில் இடப்படும் வேதிப்பொருட்களும்

மீன்தொட்டி நத்தைகள் என்பவை வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கண்ணாடித் தொட்டிகளில் வண்ண மீன்களுடன் வளர்க்கப்படும் நன்னீர் நத்தைகள் ஆகும். இவை மெல்லுடலிகள் தொகுதியில் வயிற்றுக்காலிகள் வகுப்பைச் சேர்ந்தவை. கண்ணாடியில் படியும் பாசி, மீன்கள் தின்னாமல் விட்ட தீனி, அழுகிய இலை ஆகியவற்றை உண்டு தொட்டியைத் தூய்மையாக வைத்திருப்பதால் இவை விரும்பி வளர்க்கப்படுகின்றன.

நீரைத் தூய்மைப்படுத்தவும், மீன்களின் நோயைக் குணப்படுத்தவும், பாசியை ஒழிக்கவும் இடப்படும் வேதிப்பொருட்கள் பலவும் நத்தைகளுக்கு நஞ்சாக அமைகின்றன. மனிதர் குடிப்பதற்கு ஏற்ற நீரும், மீன்கள் நலமாக வாழும் நீரும் நத்தைகளுக்குப் பாதுகாப்பானவையாக இருக்கவேண்டும் என்பதில்லை. இவ்வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் செப்பு ஆகும். அதற்கு அடுத்த நிலையில் குளோரின் உள்ளது. இவ்விரண்டின் இயல்பையும் அறிந்திருந்தால் பெரும்பாலான நத்தை இறப்புகளைத் தவிர்க்கலாம்.

உடலமைப்பும் நீரும்

மீன்களின் உடலைச் செதில்களும் தடித்த தோலும் மூடியுள்ளன. நத்தையின் காலும் தலையும் மெல்லிய, ஈரமான தோலால் ஆனவை. இத்தோல் நீருடன் நேரடியாகத் தொடர்பு கொண்டுள்ளது. நன்னீரில் உப்புகள் மிகக் குறைவு. ஆகையால் நத்தைகள் தமக்குத் தேவையான சோடியத்தையும் கால்சியத்தையும் நீரிலிருந்து இடைவிடாது உறிஞ்சிக்கொள்ள வேண்டியுள்ளது. உறிஞ்சப்படும் கால்சியம் கால்சியம் கார்பனேட்டாக மாறி ஓட்டில் படிகின்றது. நீரில் கரைந்துள்ள செப்பு போன்ற உலோகங்கள் இந்த உறிஞ்சும் செயலைத் தடை செய்கின்றன. அதனால் உடலின் உப்புச் சமநிலை குலைகின்றது.

பல நத்தைகளின் குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் பொருள் ஈமோசயனின் எனப்படும் புரதம் ஆகும். இதில் இரும்புக்கு மாற்றாகச் செப்பு உள்ளது. எனவே நத்தைகளுக்குச் சிறிதளவு செப்பு இன்றியமையாதது. அதை அவை உணவிலிருந்து பெற்றுக்கொள்கின்றன. ஆயினும் நீரில் கரைந்த நிலையில் செப்பு சற்று மிகும்போது அதுவே அவற்றைக் கொல்கின்றது. தட்டைச்சுருள் நத்தைகள் இதில் விதிவிலக்கானவை. அவற்றின் குருதியில் இரும்பைக் கொண்ட ஈமோகுளோபின் உள்ளது. இதனாலேயே அவற்றில் சில சிவந்த நிறத்துடன் தோன்றுகின்றன. எனினும் செப்பின் நச்சுத்தன்மையிலிருந்து அவையும் தப்புவதில்லை.

தொட்டிகளில் காணப்படும் நத்தைகள்

தமிழ்நாட்டில் மீன்தொட்டிகளில் பரவலாகக் காணப்படும் நத்தைகள் வருமாறு:

* ஆப்பிள் நத்தைகள்: தமிழ்நாட்டின் ஏரி, குளம், வயல்களில் இயல்பாக வாழும் பைலா பேரினமும், தென் அமெரிக்காவைச் சேர்ந்த பொமேசியா பேரினமும் இதில் அடங்கும். கடைகளில் மஞ்சள், நீலம், ஊதா நிறங்களில் விற்கப்படுவது பெரும்பாலும் பொமேசியா டிப்யூசா என்னும் இனமாகும். இவற்றுக்குச் செவுளும் நுரையீரலும் உண்டு. ஓட்டின் வாயை அடைக்கும் மூடியும் உண்டு.
* தட்டைச்சுருள் நத்தைகள்: இந்தோபிளானார்பிசு எக்சசுடசு என்னும் உள்நாட்டு இனம் ஏரிப் பாசியுடனும் நீர்த்தாவரங்களுடனும் தொட்டிக்குள் வந்துவிடுகின்றது. இவற்றுக்கு மூடி கிடையாது.
* குளத்து நத்தைகள்: லிம்னேயா குடும்பத்தைச் சேர்ந்தவை. மெல்லிய ஓடு உடையவை. மூடி கிடையாது.
* ஊதுகொம்பு நத்தைகள்: மெலனாய்டிசு டியூபர்குலேட்டா என்னும் இனம். கூம்பு போன்ற நீண்ட ஓடு உடையவை. பகலில் மணலுக்குள் புதைந்திருக்கும். சிறிது உப்புநீரையும் தாங்கக்கூடியவை.
* நெரிட்டைன் நத்தைகள்: பாசியை நன்கு உண்பவை. இவற்றுள் பல இனங்களின் இளவுயிரிகள் வளர உவர்நீர் தேவைப்படுவதால், நன்னீர்த் தொட்டியில் இவை பெருகுவதில்லை.

மூடி உள்ள நத்தைகள் நஞ்சை உணர்ந்தவுடன் ஓட்டுக்குள் ஒடுங்கி வாயை அடைத்துக்கொள்கின்றன. கோடையில் ஏரி வற்றும்போது பைலா நத்தைகள் சேற்றில் புதைந்து உறங்குவதும் இந்த மூடியின் துணையால்தான். ஆனால் நஞ்சு தொட்டியிலேயே பல நாட்கள் தங்கினால் மூடி பயன் தருவதில்லை. மூச்சுக்காகவும் உணவுக்காகவும் நத்தை வெளியே வந்தே ஆகவேண்டும்.

செப்பு

வரலாறு

செப்பு சல்பேட்டு தமிழில் மயில்துத்தம் எனப்படுகின்றது. இது நத்தைகளைக் கொல்வதற்காகவே நெடுங்காலம் பயன்படுத்தப்பட்ட பொருள் ஆகும். ஆடுமாடுகளையும் மனிதரையும் தாக்கும் தட்டைப்புழுக்கள் தம் வாழ்வின் ஒரு பகுதியை நன்னீர் நத்தைகளின் உடலில் கழிக்கின்றன. ஆகவே நத்தையை ஒழித்தால் நோயும் ஒழியும் என்று கருதப்பட்டது. 1920-ஆம் ஆண்டில் அமெரிக்க ஒட்டுண்ணியியலாளர் ஏசா சாண்ட்லர் இதற்குச் செப்பு சல்பேட்டைப் பரிந்துரைத்தார். பின்னர் எகிப்து போன்ற நாடுகளின் பாசனக் கால்வாய்களில் இது இடப்பட்டது.

சென்னை மாகாணத்திலும் இச்சிக்கல் அறியப்பட்டிருந்தது. மாடுகளின் மூக்கில் கட்டியையும் குறட்டை போன்ற ஒலியையும் உண்டாக்கும் சிசுடோசோமா நேசேல் என்னும் புழு 1930-களில் இங்கு விவரிக்கப்பட்டது. அதைப் பரப்புவது, இன்று மீன்தொட்டிகளில் காணப்படும் அதே தட்டைச்சுருள் நத்தை ஆகும். 1950-களின் இறுதியில் நிக்குளோசமைடு என்னும் நத்தைக்கொல்லி வந்த பிறகு செப்பு சல்பேட்டின் பயன்பாடு குறைந்தது.

நத்தைக்கொல்லியாகப் பயன்பட்ட இதே செப்புதான் மீன்களின் வெண்புள்ளி நோய், வெல்வெட் நோய் ஆகியவற்றுக்கான மருந்துகளிலும் பாசிக்கொல்லிகளிலும் சேர்க்கப்படுகின்றது. எனவே மீன் மருந்தின் அடைப்பட்டியில் செப்பு, காப்பர், துத்தம் ஆகியவற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் அம்மருந்தை நத்தைகள் உள்ள தொட்டியில் இடுதல் கூடாது.

அளவும் நச்சுத்தன்மையும்

செப்பின் நச்சுத்தன்மை நீரின் இயல்பைப் பொறுத்தது. காரத்தன்மையும் கடினத்தன்மையும் மிகுந்த நீரில் செப்பின் ஒரு பகுதி கார்பனேட்டுகளுடன் சேர்ந்து செயலிழக்கின்றது. மென்னீரில் அவ்வாறு நிகழாததால் குறைந்த அளவே பெருந்தீங்கு விளைவிக்கின்றது.

மீன் வளர்ப்பில் செப்பு சல்பேட்டின் அளவைக் கணக்கிட ஒரு பொது விதி உண்டு. நீரின் மொத்தக் காரத்தன்மையை 100-ஆல் வகுத்தால், ஒரு லிட்டருக்கு இடவேண்டிய செப்பு சல்பேட்டு மில்லிகிராமில் கிடைக்கும். காரத்தன்மை 50 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள நீரில் மீன்களுக்கே இடர் என்பதால் இம்மருந்து தவிர்க்கப்படுகின்றது. காரத்தன்மை 200 உள்ள நீருக்கு இந்த விதிப்படி லிட்டருக்கு 2 மில்லிகிராம் செப்பு சல்பேட்டு தேவை. படிகச் செப்பு சல்பேட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே செப்பு ஆகும். ஆகவே நீரில் சேரும் செப்பு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். மீன் தாங்கிக்கொள்ளும் இந்த அளவை நத்தைகள் தாங்குவதில்லை.

குடிநீர்த் தரமும் நத்தையும்

இந்தியத் தரநிலைகள் பணியகத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எசு. 10500, 2012) செப்பின் ஏற்கத்தக்க அளவை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்றும், மாற்று நீர் கிடைக்காத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும் வரையறுத்துள்ளது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு 2 மில்லிகிராம் ஆகும். இவை மனித உடலுக்கான அளவுகள். மேல் எல்லைக்கு அருகிலுள்ள நீர் நத்தைகளுக்கு உறுதியாக நஞ்சாகும்.

தமிழ்நாட்டு வீடுகளில் செப்புக்குடத்திலும் செப்புப் பானையிலும் நீரை இரவு முழுவதும் வைத்திருந்து குடிக்கும் வழக்கம் உண்டு. செப்பு நோய்க்கிருமிகளைக் கொல்வதே இதன் பயன். 2012-ஆம் ஆண்டில் பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், செப்புக்கலத்தில் 16 மணி நேரம் வைக்கப்பட்ட நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.18 மில்லிகிராம் செப்பு இருந்தது. குடிநீருக்கான வழிகாட்டு அளவில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் கடல்மீன் தொட்டிகளில் ஒட்டுண்ணிகளைக் கொல்ல வைக்கப்படும் செப்பின் அளவும் ஏறத்தாழ இதுவே (0.15 முதல் 0.20 மில்லிகிராம்).

செப்பு ஆவியாவதில்லை என்பதும் கருதத்தக்கது. 50 லிட்டர் தொட்டியில் வாரந்தோறும் 5 லிட்டர் நீர் ஆவியாகி, அக்குறை செப்புக்குடத்து நீரால் நிரப்பப்படுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு வாரமும் 0.9 மில்லிகிராம் செப்பு சேரும். பத்து வாரத்தில் அது 9 மில்லிகிராம் ஆகும். அதாவது லிட்டருக்கு 0.18 மில்லிகிராம். இதில் ஒரு பகுதி மணலிலும் கசடிலும் படியும். நீரின் பி.எச். மதிப்பு குறையும்போது படிந்த செப்பு மீண்டும் கரைந்து வெளிவரும். முன்பு செப்பு மருந்து இடப்பட்ட பழைய தொட்டியையும் கூழாங்கற்களையும் வாங்கும்போதும் இந்த இடர் உண்டு.

குளோரின்

சென்னை மேற்குப் புறநகரின் நீர்

சென்னையின் மேற்கே குத்தம்பாக்கம், திருமழிசை, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய பகுதிகளில் வீடுகளுக்கு நீர் பல வழிகளில் வருகின்றது. குழாய்நீர், ஊர்ப் பொது மேல்நிலைத் தொட்டி நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், தண்ணீர் லாரி நீர் என அது வேறுபடும். குத்தம்பாக்கத்துக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் நீரைத் தூய்மையாக்கும் நிலையம் 2007-ஆம் ஆண்டு முதல் செயற்படுகின்றது. இதன் திறன் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் ஆகும். வடிகட்டிய நீரில் கிருமிகளை அழிக்கக் குளோரின் சேர்க்கப்படுகின்றது. மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பிளீச்சிங் பவுடர் இடப்படுகின்றது.

ஒரே வீட்டில்கூட ஒரு நாள் வரும் நீரும் மறுநாள் வரும் நீரும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே நேற்று பாதுகாப்பாக இருந்த நீர் இன்றும் அவ்வாறே இருக்கும் என்று கொள்ளுதல் தவறு.

நச்சுத்தன்மை

குடிநீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் தனிக் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தரம் கூறுகின்றது. நன்னீர் உயிரினங்களைப் பாதுகாக்க ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1984-இல் வகுத்த எல்லை, நீண்டகாலத் தொடர்புக்கு லிட்டருக்கு 0.011 மில்லிகிராம், குறுகியகாலத் தொடர்புக்கு 0.019 மில்லிகிராம் ஆகும். அதாவது மனிதருக்குப் பாதுகாப்பான குடிநீரில் இருக்கவேண்டிய மிகக் குறைந்த அளவே நீர்வாழ் உயிரினங்களுக்கான எல்லையைப் போல் பத்து மடங்குக்கு மேல் உள்ளது.

புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் உள்ளது. 1000 லிட்டர் தொட்டியில் 3 கிராம் இட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். தொட்டியைக் கழுவும் நாளில் கைப்பிடியளவாக அள்ளிப் போடப்படுவதால் குளோரின் இதைப் போல் பல மடங்கு உயரக்கூடும். 2015 டிசம்பர் பெருவெள்ளம் போன்ற காலங்களில் கிணறுகளிலும் தொட்டிகளிலும் மிகையாகக் குளோரின் இடப்படுவது வழக்கம். அந்நாட்களில் மீன்தொட்டியின் நீரை மாற்றாமல் இருப்பதே நல்லது.

நீக்கும் முறைகள்

* வாய் அகன்ற பாத்திரத்தில் நீரைப் பிடித்து, வெயில் படுமாறு 24 மணி நேரம் வைத்திருந்தால் தனிக் குளோரின் வெளியேறிவிடும். காற்றுக்குழாயை இட்டால் இது விரைவாக நிகழும்.
* சோடியம் தயோசல்பேட்டு குளோரினை உடனே செயலிழக்கச் செய்கின்றது. இதன் படிகங்கள் ஹைப்போ என்றும், இதன் கரைசல் மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்றும் விற்கப்படுகின்றன. 1 பங்கு குளோரினுக்கு 7 பங்கு ஹைப்போ படிகம் போதுமானது. 40 லிட்டர் நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால் 280 மில்லிகிராம் ஹைப்போ தேவை. 10 கிராம் ஹைப்போவைக் கரைத்து 100 மில்லிலிட்டர் கரைசலாக்கி வைத்துக்கொண்டால், அதில் 2.8 மில்லிலிட்டர் இதற்குப் போதும்.
* கிளர்வுற்ற கரி வடிகட்டியும் குளோரினை நீக்கும்.

குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் சில நாடுகளின் குழாய்நீரில் இடப்படுகின்றது. சிங்கப்பூர், ஆத்திரேலியா போன்ற இடங்களில் வாழும் தமிழர்கள் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும். குளோரமின் வெயிலில் வைப்பதால் எளிதில் நீங்குவதில்லை. ஹைப்போ இட்டால் அமோனியா எஞ்சி நிற்கும்.

எஞ்சிய குளோரினை அறிய உள்ளாட்சிப் பணியாளர்கள் குளோரோசுகோப் என்னும் எளிய கருவியைப் பயன்படுத்துகின்றனர். நீருடன் சில துளி வினைபொருளைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் தோன்றும். நிறம் அடர்ந்திருந்தால் குளோரின் மிகுதி என்று பொருள்.

கடினநீரும் மென்னீரும்

சென்னைப் புறநகர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. இதைத் தவிர்க்க அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நீர் மென்மையாக்கி பொருத்தப்படுகின்றது. இது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நீக்கிவிட்டுச் சோடியத்தைச் சேர்க்கின்றது. வீடுகளில் உள்ள ஆர்.ஓ. கருவி ஏறத்தாழ எல்லா உப்புகளையும் நீக்கிவிடுகின்றது.

இவ்விரு நீரும் நத்தைக்கு ஏற்றவை அல்ல. கால்சியம் இல்லாத நீரில் ஓடு வளர்வதில்லை. பி.எச். மதிப்பு 7-க்குக் கீழே இறங்கும்போது இருக்கும் ஓடும் கரையத் தொடங்குகின்றது. ஓட்டின் உச்சியில் வெண்மையான குழிகள் தோன்றுவது இதன் முதல் அடையாளம். மேலும் மென்னீரில் செப்பின் நச்சுத்தன்மை கூடுகின்றது. ஆகவே மென்மையாக்கிய நீரையோ ஆர்.ஓ. நீரையோ மட்டும் பயன்படுத்தாமல், குளோரின் நீங்கிய கிணற்று நீருடன் கலந்து பயன்படுத்தலாம். தொட்டியில் சிறிது சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ கணவாய் ஓடோ இட்டாலும் கால்சியம் கிடைக்கும். சுட்ட சுண்ணாம்பை இடுதல் கூடாது. அது பி.எச். மதிப்பை மிக உயர்த்தி எல்லா உயிர்களையும் கொல்லும்.

கலங்கல் நீரைத் தெளியவைக்கப் படிகாரம் பயன்படுகின்றது. இது நீரின் காரத்தன்மையைக் குறைத்து அமிலத்தன்மையைக் கூட்டும். நீர்த்தாவரங்களில் ஒட்டிவரும் நத்தைகளை அழிக்கப் படிகாரக் கரைசலில் தாவரங்களை ஊறவைக்கும் முறையும் உண்டு. அவ்வாறு ஊறிய தாவரங்களை நன்கு அலசிய பின்பே நத்தைத் தொட்டியில் நடவேண்டும்.

மீன் மருந்துகள்

சென்னையில் கொளத்தூர் வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடமாகும். அங்கும் பிற இடங்களிலும் உள்ள கடைகளில் மருந்துகள் பெரும்பாலும் நோயின் பெயரால் அல்லது நீரின் நிறத்தால் குறிப்பிடப்பட்டு விற்கப்படுகின்றன. நத்தை வளர்ப்பவர்கள் மருந்தின் உட்பொருளைக் கேட்டறிய வேண்டும். பொதுவான உட்பொருட்கள் வருமாறு:

* செப்பு சல்பேட்டு, பிணைப்புற்ற செப்பு: நத்தைகளைக் கொல்லும். எந்த அளவிலும் தவிர்க்கவேண்டும்.
* பார்மலின், மலாக்கைட்டுப் பச்சை: நத்தைகளுக்குத் தீங்கானவை. மருத்துவத்தைத் தனித் தொட்டியில் செய்யவேண்டும்.
* பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு: ஊதா நிறப் படிகம். ஆற்றல்மிகு ஆக்சிசனேற்றி. மெல்லிய தோலைச் சிதைக்கும்.
* மெத்திலீன் நீலம்: மேற்கண்டவற்றைவிட மென்மையானது. எனினும் தொட்டியின் பயனுள்ள பாக்டீரியாக்களைப் பாதிக்கும் என்பதால் தனித் தொட்டியே தகும்.
* டிரைகுளோர்பான் போன்ற கரிமப்பாசுபரசுகள்: மீன் பேன், நங்கூரப்புழு ஆகியவற்றை அழிக்க இடப்படுகின்றன. இறால்களுக்குக் கொடிய நஞ்சு. நத்தைத் தொட்டியிலும் தவிர்க்கவேண்டும்.
* பென்பெண்டசோல்: புழுநீக்கி. நெரிட்டைன், ஆப்பிள் நத்தைகளுக்குத் தீங்கு செய்யும். தட்டைச்சுருள் நத்தைகள் பலவேளை தப்பிவிடுகின்றன.
* பாக்குச் சாறு: பாக்கிலுள்ள அரிக்கோலின் தட்டைப்புழுக்களைக் கொல்வதால் சில மருந்துத்தூள்களில் சேர்க்கப்படுகின்றது. இயற்கைப் பொருள் என்று குறிக்கப்பட்டிருந்தாலும் நெரிட்டைன், ஆப்பிள் நத்தைகளுக்கு ஆகாது.
* கல்லுப்பு: லிட்டருக்கு 1 கிராம் அளவைப் பல நத்தைகள் தாங்கும். 3 கிராம் அளவில் நாட்கணக்கில் வைத்தால் ஊதுகொம்பு நத்தைகள் தவிர மற்றவை நலிவுறும்.
* குளுட்டரால்டிஹைடு: தாவரங்களுக்கான நீர்மக் கரி என்ற பெயரில் விற்கப்படுகின்றது. குறிப்பிட்ட அளவை மீறினால் தீங்காகும்.

நீர்த்தாவர உரங்களிலும் மிகச் சிறிதளவு செப்பு உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் இடாதவரை இதனால் பொதுவாகத் தீங்கு இல்லை.

கொசு ஒழிப்பு மருந்துகள்

மழைக்காலத்தில் டெங்கு காய்ச்சலைத் தடுக்க, தேங்கிய நீரில் டெமிபாசு என்னும் கொசுப்புழுக்கொல்லி இடப்படுகின்றது. அபேட் என்பது இதன் வணிகப் பெயர். குடிநீர்க் கலங்களில் இதன் உச்ச அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆகும். தெருக்களில் அடிக்கப்படும் புகைமருந்தில் பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றால் இறால்களும் மீன்களும் நத்தைகளைவிட மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. இருப்பினும் புகை அடிக்கும்போது தொட்டியை மூடிக் காற்றுக்குழாய் மோட்டாரைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பது நல்லது. மோட்டார் வெளிக்காற்றை இழுத்து நீருக்குள் செலுத்துவதே இதற்குக் காரணம்.

மீன் குளங்களில்

தொட்டிக்கு நீரும் பாசியும் நத்தையும் சிலவேளை மீன் பண்ணைக் குளங்களிலிருந்து கொண்டுவரப்படுகின்றன. குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலுள்ள வேண்டாத மீன்களை அழிக்க, இந்தியாவில் இலுப்பைப் பிண்ணாக்கு இடும் வழக்கம் உண்டு. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு எக்டேர் குளத்துக்கு 2000 முதல் 2500 கிலோகிராம் வரை இடப்படுகின்றது. இதிலுள்ள சப்போனின் மீன்களின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றது. சப்போனின்கள் மெல்லுடலிகளையும் கொல்லவல்லவை. தேயிலை விதைப் பிண்ணாக்கு வயல்களில் நத்தைக்கொல்லியாகப் பயன்படுவதும் இதனாலேயே. இலுப்பைப் பிண்ணாக்கின் நச்சு இரண்டு மூன்று வாரங்கள் வரை நீடிக்கும். அண்மையில் பிண்ணாக்கோ பிளீச்சிங் பவுடரோ இடப்பட்ட குளத்து நீரைத் தொட்டியில் ஊற்றுதல் கூடாது.

நஞ்சேற்றத்தின் அறிகுறிகள்

* நத்தைகள் கண்ணாடியிலிருந்து பிடிவிட்டு அடியில் விழுதல்.
* உணர்கொம்புகள் சுருங்குதல்.
* மூடியை இறுக அடைத்துக்கொண்டு ஒரு நாளுக்கு மேல் அசைவின்றிக் கிடத்தல்.
* எல்லா நத்தைகளும் ஒரே நேரத்தில் நீர்மட்டத்துக்கு மேலே ஏறுதல். ஆப்பிள் நத்தைகள் முட்டையிடவும் மேலே வரும். ஆனால் அப்போது ஓரிரு நத்தைகளே ஏறும்.
* கால் வெளியே தொங்கிய நிலையில், தொட்டாலும் உள்ளிழுக்காமல் இருத்தல்.

இறந்த நத்தையைக் கெட்ட நாற்றத்தால் அறியலாம். அசையாத நத்தை அனைத்தும் இறந்தவை அல்ல. நாற்றம் இல்லையெனில் அதைத் தூய நீரில் இட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும்.

நத்தைகள் இறப்பதால் வரும் இழப்பு அவற்றோடு நிற்பதில்லை. சிறிய தொட்டியில் ஒரு பெரிய ஆப்பிள் நத்தை அழுகினாலே அமோனியா உயரும். மணலுக்குள் புதைந்துள்ள ஊதுகொம்பு நத்தைகள் நூற்றுக்கணக்கில் இறந்தால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. நோய்க்கு மருந்திட்ட இரண்டு மூன்று நாட்களில் மீன்கள் திடீரென இறப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அப்போது மருந்தின் அளவு போதவில்லை என்று கருதி மேலும் மருந்திடுவது நிலைமையை மோசமாக்கும்.

முதலுதவி

1. நத்தைகளை உடனே எடுத்து, குளோரின் நீங்கிய, அதே வெப்பநிலையில் உள்ள நீரில் விடவேண்டும்.
2. இறந்தவற்றை நீக்கவேண்டும்.
3. தொட்டி நீரில் பாதியை மாற்றவேண்டும். ஒவ்வொரு முறை பாதி நீரை மாற்றும்போதும் நஞ்சு பாதியாகும். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் செப்பு உள்ள தொட்டியில் நான்கு முறை மாற்றிய பின்னும் 0.03 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். ஆகவே ஒருமுறை மாற்றுவது போதாது.
4. கிளர்வுற்ற கரி சாய மருந்துகளையும் கரிமப் பொருட்களையும் நன்கு நீக்கும். கரைந்த செப்பை அது முழுமையாக நீக்குவதில்லை. அதற்கு உலோகங்களைப் பிடிக்கும் பிசின்கள் தேவை.
5. நத்தைகளைத் திரும்ப விடுமுன் ஒரு சிறிய தட்டைச்சுருள் நத்தையை மட்டும் இரண்டு நாட்கள் விட்டுப் பார்க்கலாம். வீட்டுச் சோதனைப் பெட்டிகள் பல மிகக் குறைந்த செப்பைக் காட்டுவதில்லை என்பதால் இம்முறை பயன்படுகின்றது.

மீன்களுக்கு நோய் வந்தால்

நத்தைகளைக் காக்கும் எளிய வழி, நோயுற்ற மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருத்துவம் செய்வதாகும். ஒரு பிளாசுட்டிக் வாளியும் காற்றுக்குழாயும் இதற்குப் போதும்.

வெண்புள்ளி நோய் இக்தியோப்திரியசு என்னும் ஓரணு உயிரியால் வருகின்றது. இதன் நீந்தும் இளநிலை, மீன் கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று நாட்களில் இறந்துவிடும். நத்தைகளை இது தாக்குவதில்லை. எனவே எல்லா மீன்களையும் வெளியே எடுத்து, நத்தைகள் மட்டும் உள்ள தொட்டியை இரண்டு வாரங்கள் விட்டுவைத்தால், சென்னையின் வெப்பநிலையில் அத்தொட்டி மருந்தின்றியே நோய் நீங்கிவிடும்.

மீன்களை எடுக்க இயலாவிட்டால் நீரின் வெப்பநிலையை 30 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே உயர்த்திப் பத்து நாட்கள் வைக்கும் முறை உண்டு. அந்த வெப்பத்தில் இவ்வுயிரி பெருக இயலாது. வெப்பநீரில் உயிர்வளி குறைவதால் காற்றை மிகுதியாகச் செலுத்தவேண்டும். இந்நோய் சென்னையில் கோடையைவிட மார்கழிக் குளிரில் மிகுதியாகத் தோன்றுவதும் வெப்பநிலையின் விளைவே.

சுற்றுச்சூழல்

மருந்திட்ட நீரை ஏரி, குளம், மழைநீர்க் கால்வாய் ஆகியவற்றில் கொட்டுதல் கூடாது. தொட்டி நத்தையைக் கொன்ற செப்பு ஏரி நத்தையையும் கொல்லும். பைலா நத்தைகள் நத்தைகுத்தி நாரைக்கு முதன்மை உணவாகும்.

வேண்டாத நத்தைகளை உயிருடன் நீர்நிலைகளில் விடுவதும் தவறாகும். தென் அமெரிக்காவின் பொமேசியா இனங்கள் ஆசியாவின் பல நாடுகளில் நெற்பயிரை அழிக்கும் பூச்சிகளாகியுள்ளன. மீன்தொட்டி வணிகத்தில் உள்ள பொமேசியா டிப்யூசா இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியுள்ளது. மிகுதியான நத்தைகளைப் பிற வளர்ப்பாளர்களுக்குக் கொடுக்கலாம். தீனியைக் குறைத்தால் அவற்றின் பெருக்கமும் தானே குறையும். இதற்கு நத்தைக்கொல்லி மருந்து தேவைப்படுவதில்லை.

இவற்றையும் பார்க்க

* வயிற்றுக்காலிகள்
* ஈமோசயனின்
* செப்பு சல்பேட்டு
* செம்பரம்பாக்கம் ஏரி
* நத்தைகுத்தி நாரை